எழுத்தாளருக்கு முகவர் தேவையா?

2025 மே மாதம் 20-ம் தேதி லண்டனில் கன்னட இலக்கியத்துக்குப் பெரியதொரு கௌரவம் கிடைத்தது. ஹாசன் நகரைச் சேர்ந்த பானு முஷ்டாக் எழுதி, மடிக்கேரியைச் சேர்ந்த தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த 'ஹார்ட் லேம்ப்' என்ற பன்னிரண்டு கதைகளின் தொகுதி, சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றது. 50,000 பவுன் பரிசுத் தொகையை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர். கன்னட நூலொன்று இப்பரிசைப் பெற்றது இதுவே முதல் தடவை. சிறுகதைத் தொகுதி ஒன்று பெற்றதும் இதுவே முதல் தடவை.

கர்நாடகத்தில் வாழும் தமிழர்களாகிய நாம் அடுத்த வீட்டுக் கல்யாணம் போல் இதில் மகிழ்ந்தோம். மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் எழத்தான் செய்தது. சிறுகதையில் தமிழ் எந்த இந்திய மொழிக்கும் இளைத்ததல்ல. அப்படியிருக்க, பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2023-ல் இதே பரிசின் நெடும்பட்டியல் வரை சென்றதுதான் இதுவரை தமிழ் எட்டிய எல்லை. ஏன்?

இலக்கியத் தரம் பற்றிய வாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு கதை நடுவர்களின் மேசைக்குப் போய்ச் சேருவதற்கு முன் பல கைகள் மாற வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பிரிட்டனில் வெளியிடப் பதிப்பாளர் வேண்டும், இந்த இருவரையும் ஆசிரியரோடு இணைத்து, ஒப்பந்தம் பேசி முடிக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் இலக்கிய முகவர். 2022-ல் கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவல் 'டூம் ஆஃப் சேண்ட்' என்ற ஆங்கில வடிவில் இதே பரிசைப் பெற்றபோது அவருடைய முகவராக இருந்தவர் டில்லியைச் சேர்ந்த கனிஷ்க் குப்தா. பானு முஷ்டாக்கின் முகவரும் அவரே. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

முகவர் என்பவர் யார்?

'தரகர்' என்ற சொல்லுக்கு நம்மிடையே நல்ல பெயர் இல்லை. வீடு பார்த்துக் கொடுப்பவரும் மாடு பிடித்துக் கொடுப்பவரும் இரு பக்கமும் காசு வாங்குகிறவர்கள் என்பது பொதுவான எண்ணம். இலக்கிய முகவர் இதிலிருந்து ஒரு முக்கியமான விதத்தில் வேறுபடுகிறார். அவர் எழுத்தாளருடைய ஆள். பதிப்பாளரிடமிருந்து அவருக்குத் தனியாகக் காசு கிடையாது. எழுத்தாளருக்கு வருகிற பணத்தில் குறிப்பிட்ட விகிதம் மட்டுமே அவருடைய ஊதியம். எழுத்தாளருக்கு ஒன்றும் வராவிட்டால் அவருக்கும் ஒன்றுமில்லை.

இந்தத் தொழில் லண்டனில் பிறந்தது. ஏ.பி.வாட் என்பவர் 1875 வாக்கில் இதைத் தொடங்கி, நூற்றுக்குப் பத்து கமிஷன் பெற்றார். ரட்யார்ட் கிப்ளிங் அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர். அன்றைய பதிப்பாளர்கள் பலர் முகவர்களை வெறுத்தார்கள். தங்களுக்கும் ஆசிரியருக்கும் இடையே இருந்த நல்லுறவைக் கெடுக்க வந்தவர்கள் என்று ஏசினார்கள். அந்த நல்லுறவில் ராயல்டிக் கணக்கு பதிப்பாளர் கையிலேயே இருந்தது என்பதை அவர்கள் சொல்லவில்லை! நாளடைவில் முகவர் வழியாக வராத கைப்பிரதியைப் பெரிய நிறுவனங்கள் படிப்பதே அபூர்வம் என்ற நிலை மேல்நாடுகளில் ஏற்பட்டது. கமிஷனும் உயர்ந்தது. இன்று உள்நாட்டு விற்பனைக்கு நூற்றுக்கு 15, வெளிநாட்டு உரிமைகளுக்கு 20 என்பது பொதுவான வழக்கம்.

மைசூரிலிருந்து சென்ற கைப்பிரதி

இந்த ஏற்பாட்டின் பயனை முதலில் அனுபவித்த இந்தியர்களில் ஒருவர் தமிழர். அதுவும் கர்நாடகத்தில் வாழ்ந்த தமிழர். மைசூரில் இருந்த ஆர்.கே.நாராயண் தமது முதல் நாவலின் கைப்பிரதியை லண்டன் பதிப்பாளர்களுக்கு அனுப்ப, அது திரும்பித் திரும்பி வந்தது. இங்கிலாந்தில் இருந்த பூர்ணா என்ற நண்பரிடம், இனி அதைத் தேம்ஸ் நதியில் போட்டுவிடலாம் என்று எழுதியும் விட்டார். நண்பர் அதைக் கிரஹாம் கிரீனிடம் கொண்டு போனார். கிரீனின் சிபாரிசில் ஹாமிஷ் ஹாமில்டன் நிறுவனம் 1935-ல் 'சுவாமியும் சிநேகிதர்களும்' நாவலை வெளியிட்டது. ஆசிரியரின் நீண்ட பெயரைச் சுருக்கியதும் கிரீனின் யோசனைதான்.

கதையின் இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு நடந்ததே நம் பொருளுக்கு முக்கியம். முதல் நாவல் நன்றாக விற்கவில்லை. இரண்டாவது நாவலை 1937-ல் நெல்சன் வெளியிட்டது. மூன்றாவதை 1938-ல் மாக்மில்லன் வெளியிட்டது. மூன்று நாவல்களுக்கு மூன்று பதிப்பாளர்கள்! ஒவ்வொரு தடவையும் புதிய கதவைத் தட்ட வேண்டியிருந்தது. மைசூரில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் தனியாக இதைச் செய்திருக்க முடியுமா? கிரீன் போன்ற நண்பர் கிடைப்பது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தை நம்பாமல் வருஷா வருஷம் அதே வேலையைச் செய்வதற்குத்தான் முகவர். டேவிட் ஹையம் என்ற லண்டன் முகவர் பின்னர் நாராயணின் நூல்களைக் கவனித்துக்கொண்டார்.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இதைவிட வேகமானது. 1996-ல் அருந்ததி ராயின் கைப்பிரதி, அப்போது டில்லியில் பதிப்பாசிரியராக இருந்த பங்கஜ் மிஸ்ரா மூலம் லண்டனுக்குப் போயிற்று. அதைப் படித்த டேவிட் காட்வின் என்ற முகவர் விமானமேறி டில்லிக்கே வந்துவிட்டார். 'காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' பல நாட்டுப் பதிப்பாளர்களுக்கு விற்கப்பட்டு, மறு ஆண்டு புக்கர் பரிசும் பெற்றது. அதே 1997-ல் நம் பெங்களூரில் ஜெயப்பிரியா வாசுதேவன் 'ஜக்கராண்டா' என்ற முகவர் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் இலக்கிய முகவர் நிறுவனம் என்று அதைக் குறிப்பிடுவார்கள். ஜெய்ப்பூரில் 'சியாஹி', டில்லியில் கனிஷ்க் குப்தாவின் 'ரைட்டர்ஸ் சைடு' முதலியவை பின்னால் வந்தன.

வேலை நடக்கும் விதம்

முகவருக்கு எழுத்தாளர் முதலில் அனுப்புவது ஒரு கடிதம், ஒரு சுருக்கம், இரண்டு மூன்று அத்தியாயங்கள். நாவலானால் முழுதும் எழுதி முடித்திருக்க வேண்டும். வரலாறு, வாழ்க்கை வரலாறு, அரசியல் போன்ற நூலானால், எழுதப்போவது என்ன, யாருக்காக, ஏற்கெனவே வந்த நூல்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்ற திட்டக் குறிப்பும் மாதிரி அத்தியாயமும் போதும்.

முகவருக்குப் பிடித்தால் முழுப் பிரதியையும் கேட்டுப் படிப்பார். படித்ததும் அச்சுக்கு அனுப்பிவிடுவார் என்று எண்ணக் கூடாது. நடுவில் தொய்கிறது, இந்தப் பாத்திரம் காரணமில்லாமல் மறைந்துவிடுகிறது, நூறு பக்கம் குறைக்கலாம் என்றெல்லாம் சொல்வார். ஏற்பதும் மறுப்பதும் ஆசிரியர் உரிமை. எனினும் நல்ல முகவரின் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. தம் பெயரைப் பணயம் வைத்து அவர் பதிப்பாசிரியரிடம் போகிறார். அரைகுறைப் பிரதியைக் கொண்டுபோனால் அடுத்த பிரதியை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

பிறகு எந்தப் பதிப்பகத்தில் எந்தப் பதிப்பாசிரியருக்கு எந்த வகை நூல் பிடிக்கும் என்ற அனுபவத்தைக் கொண்டு ஒரு பட்டியல் போட்டு அனுப்புவார். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் விரும்பினால் ஏலம் போலவும் நடக்கும். விலை படிந்த பின் ஒப்பந்தம். முன்பணம் எவ்வளவு, ராயல்டி விகிதம் என்ன, எந்தெந்த நாட்டில் விற்கலாம், மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டு, கணக்கு எப்போது என்று ஒவ்வொன்றாகப் பேசி எழுதுவது முகவரின் வேலை. பணம் பெரும்பாலும் அவர் வழியாகவே வரும். தம் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை ஆசிரியருக்கு அனுப்புவார்.

இதில் எழுத்தாளருக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. பணத்தைப் பற்றிப் பேசுவது நம்மில் பலருக்குக் கூச்சம். புத்தகம் போட்டுத் தருகிறவரிடம் கணக்குக் கேட்டால் மனஸ்தாபம் வருமோ என்ற அச்சம் வேறு. இந்தக் கசப்பான பேச்சை முகவர் ஏற்றுக்கொள்வதால், ஆசிரியரும் பதிப்பாசிரியரும் நூலைப் பற்றி மட்டும் பேச முடிகிறது.

தமிழில் ஏன் இல்லை?

இவ்வளவு நல்ல ஏற்பாடு தமிழில் ஏன் வேரூன்றவில்லை? சாதாரணக் கணக்கே பதில் சொல்லிவிடும். முந்நூறு ரூபாய் விலையுள்ள தமிழ் நாவல் ஐந்நூறு பிரதிகள் விற்பதாக வைத்துக்கொள்வோம். பத்து சதவீத ராயல்டியில் ஆசிரியருக்குக் கிடைப்பது 15,000 ரூபாய். முகவருக்கு அதில் 15 சதவீதம் என்றால் 2,250 ரூபாய். இதற்காக ஒருவர் முழுப் பிரதியையும் படித்து, திருத்தம் சொல்லி, பத்துப் பதிப்பாளர்களுக்கு எழுத வேண்டும். மாதம் ஒரு நூல் விற்றாலும் அலுவலக வாடகைக்குக் காணாது.

அதே நாவல் ஆங்கிலத்தில் ஐந்நூறு ரூபாய் விலையில் மூவாயிரம் பிரதி விற்றால் அதே பத்து சதவீதம் 1,50,000 ரூபாய் ஆகிறது. ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டாலும், முகவரின் பங்கு 22,500 ரூபாய். அதாவது பத்து மடங்கு. முகவர்கள் ஆங்கிலத்தைச் சுற்றியே நிற்பதன் ரகசியம் இதுதான். அவர்கள் தமிழை வெறுக்கவில்லை. தமிழ்ச் சந்தை அவர்களுக்குச் சோறு போடவில்லை.

ஆகவே தமிழில் இந்த வேலையைப் பதிப்பாளர்களே செய்ய வேண்டியதாயிற்று. நாகர்கோவிலின் காலச்சுவடு பதிப்பகம் பல ஆண்டுகளாகப் பிராங்க்பர்ட் புத்தகச் சந்தைக்குச் சென்று தன் ஆசிரியர்களின் மொழிபெயர்ப்பு உரிமைகளை விற்று வருகிறது. பெருமாள்முருகன் பல மொழிகளில் படிக்கப்படுவதற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம். 2023 ஜனவரியில் தமிழக அரசு சென்னையில் சர்வதேசப் புத்தகக் காட்சியைத் தொடங்கி, தமிழ் நூல்களின் மொழிபெயர்ப்புக்கு மானியமும் அறிவித்தது. முகவர்களைப் பயிற்றுவிக்கும் முயற்சியும் அதையொட்டி மேற்கொள்ளப்பட்டது. இவை நல்ல தொடக்கங்கள்.

ஆயினும் பதிப்பாளரே முகவராக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. துணை உரிமைகளின் வருமானத்தில் பதிப்பாளர் கேட்கும் பங்கு பெரும்பாலும் முகவரின் கமிஷனைவிட அதிகம். உண்மையில் உழைத்து விற்றுத் தருகிறவருக்கு அதைக் கொடுப்பதில் தவறில்லை. உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு ஒரு கடிதம்கூடப் போடாமல் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?

கையில் என்ன இருக்கிறது?

முகவர் வந்தாலும் வராவிட்டாலும், அவர் விற்பதற்கு எழுத்தாளரிடம் ஏதாவது இருக்க வேண்டும். இங்கேதான் தமிழ் எழுத்தாளர் பெரும்பாலும் வெறுங்கையோடு நிற்கிறார். நட்பின் பேரில் புத்தகம் வந்துவிடுகிறது. ஒப்பந்தம் என்று ஒரு காகிதமும் இருப்பதில்லை. இருந்தாலும் நான்கு வரியில் 'அனைத்து உரிமைகளும்' எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஒரு படைப்பில் பல உரிமைகள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பாரதியார் பாடல்களின் கதையே காட்டும். நூலாக வெளியிடும் உரிமை ஒருவரிடமும், இசைத்தட்டு உரிமை வேறொருவரிடமும் போய்ச் சிக்கி, கடைசியில் 1949-ல் சென்னை மாகாண அரசு தலையிட வேண்டியதாயிற்று. அண்மைக் காலத்திலும், பூமணியின் 'வெக்கை' நாவல் 2019-ல் 'அசுரன்' என்ற திரைப்படமாயிற்று. அதே ஆண்டில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. 1982-ல் வந்த நாவல் முப்பத்தேழு ஆண்டு கழித்து இரண்டு புதிய வடிவங்கள் எடுக்கிறது. இன்று எழுதுகிற ஒருவர் நாளை தம் நூலுக்கு என்ன நேரும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

சட்டம் எழுத்தாளர் பக்கம்தான் இருக்கிறது. 1957-ம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவை எழுத்தாளர் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். உரிமையை மாற்றித் தருவது எழுத்து மூலம் இருக்க வேண்டும், கையொப்பம் வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே. வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகிவிடும். வாய்ப் பேச்சில் புத்தகம் கொடுத்தவர், தம் உரிமைகள் எல்லாம் போய்விட்டன என்று கைகழுவ வேண்டியதில்லை. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிப்பதால், இது பேரன் பேத்திகள் விஷயமும் ஆகும்.

எழுத்து மூலமான ஏற்பாடும் ஒழுங்கான கணக்கும் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு இந்தியிலிருந்து ஓர் உதாரணம். மூத்த எழுத்தாளர் வினோத் குமார் சுக்ல் தமக்குக் கிடைக்கும் ராயல்டி மிகச் சொற்பம் என்று 2022-ல் பகிரங்கமாகக் கூறியபோது இந்தி உலகில் பெரிய விவாதம் எழுந்தது. 2025-ல் அவருடைய நாவல் ஒன்றை வெளியிட்ட வேறொரு பதிப்பகம், சில மாத விற்பனைக்கு 30 லட்சம் ரூபாய் ராயல்டி வழங்கியது. நாவல் பழையதுதான், விற்ற விதமும் கணக்குக் கொடுத்த விதமும்தான் புதியவை.

போலிகள் ஜாக்கிரதை

முகவர் என்ற பெயருக்கு மதிப்பு ஏற ஏற, அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்கிறவர்களும் பெருகுகிறார்கள். நம் நாட்டில் இந்தத் தொழில் செய்ய எந்த உரிமமும் தேவையில்லை. பெயர்ப்பலகை மாட்டினால் போதும். படிப்பதற்குக் கட்டணம், பதிவுக் கட்டணம், விளம்பரக் கட்டணம், கடைசியில் அச்சுச் செலவு என்று வரிசையாகக் கேட்கிறார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள முகவர் சங்கங்களின் நடத்தை விதிகள், கைப்பிரதியைப் படிப்பதற்கு எழுத்தாளரிடம் கட்டணம் வாங்குவதை ஏற்பதில்லை. காரணம் எளிது. எழுத்தாளரிடமே காசு வாங்கிவிட்டால், பதிப்பாளரிடம் விற்றுத் தர வேண்டிய அவசரம் அவருக்கு இராது. பணம் முகவரிடமிருந்து எழுத்தாளருக்கு வர வேண்டும். எதிர்த் திசையில் போனால் அது வேறு வியாபாரம். அவர் இதுவரை எந்தெந்த நூல்களை எந்தப் பதிப்பகத்துக்கு விற்றார் என்று கேட்பதில் கூச்சப்படவும் வேண்டாம்.

நேர்மையான முகவர்களிடமும் ஒரு குறை உண்டு. சந்தையில் விலைபோவதையே அவர்கள் நாடுவார்கள். லண்டன் வாசகருக்கு விளங்க வேண்டும் என்று கதையில் ஒவ்வொரு பலகாரத்துக்கும் விளக்கம் எழுதத் தொடங்கினால், முகவர் மிஞ்சுவார், தமிழ் மிஞ்சாது. பானு முஷ்டாக் தம் ஊர் மக்களுக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதிய கதைகளே வெளியுலகை எட்டின என்பதை மறக்கக் கூடாது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, எழுத்தாளர்கள் ஒப்பந்தமின்றிக் கைப்பிரதி கொடுப்பதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். தமிழ்ப் பதிப்புரிமையைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் தரலாம். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். பதிப்பாளரிடம் தந்தால், இரண்டு ஆண்டில் விற்காவிட்டால் திரும்பி வரும் என்று எழுதிக்கொள்ளலாம். ஆண்டுக்கொரு தடவை கணக்கு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இரண்டாவதாக, மொழிபெயர்ப்பாளர்களைத் தேடிப் போக வேண்டும். 'ஹார்ட் லேம்ப்' ஆசிரியரின் வெற்றி மட்டுமல்ல என்று பரிசுத் தொகையே சொல்கிறது. தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த இளைஞர்கள் பெங்களூரில் இருப்பது போல் வேறெங்கே இருக்கிறார்கள்? பைரப்பாவின் 'பர்வ' நாவலைப் 'பருவம்' என்று தமிழுக்குக் கொண்டுவந்த பாவண்ணன் வாழும் ஊர் இது. அந்தப் பாலத்தில் எதிர்த் திசையிலும் வண்டி ஓட வேண்டும். கன்னடத்துக்குப் போகும் தமிழ் நூல், ஆங்கிலத்துக்குப் போவதற்கும் அது ஒரு படி.

மூன்றாவதாக, அமைப்புகளின் கடமை. தனி முகவர் ஒருவர் தமிழை நம்பிப் பிழைக்க முடியாது என்றால், பலர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்ய முடியாதா? அல்சூரில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள், சாகித்ய அக்காதெமியின் பெங்களூர் மண்டல அலுவலகத்தோடு சேர்ந்து, ஆண்டுக்கொரு தடவை எழுத்தாளர்களையும் மொழிபெயர்ப்பாளர்களையும் முகவர்களையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்கலாம். தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை அச்சிட்டு இலவசமாக வழங்கலாம். வழக்கறிஞர் ஒருவரை மாதம் ஒரு நாள் அழைத்து ஆலோசனை சொல்லச் செய்யலாம். பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல இவை. பட்டிமன்றத்துக்கும் பாராட்டு விழாவுக்கும் ஆகிற செலவில் ஒரு பங்கு போதும்.

எழுத்தாளருக்கு முகவர் தேவையா என்று கேட்டோம். தமிழுக்குள் மட்டும் எழுதி, தமிழிலேயே நிறைவு காண்கிறவருக்குத் தேவையில்லை. அதில் எந்தக் குறையும் இல்லை. வேறு மொழிக்குப் போக விரும்புகிறவருக்கு நிச்சயமாகத் தேவை. இருவருக்குமே தேவையானது ஒன்று உண்டு: தம் எழுத்தின் மேல் தமக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற தெளிவு. அது இல்லாதவரை எந்த முகவராலும் கரை சேர்க்க முடியாது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது பழமொழி. எழுதியவரோ இதுவரை கணக்கே பார்க்கவில்லை. இனியாவது பார்க்கட்டும்.